சிவப்புக் காரின் முதல் கியர்

மாட்டுத்தாவணியில் பூ ஏற்றுகிற வேன் ஓட்டும் ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் நாலு பேர் என்னவெல்லாம் சொல்வார்களோ, அத்தனையையும் என் மாமாவைச் சொன்னார்கள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். அத்தை மட்டும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் குழம்பில் உப்புப் போடவில்லை, அவ்வளவுதான். மாமாவும் அதைக் கண்டுகொள்ளாதவர் போல இரண்டு நாளும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். எனக்கும் அதே குழம்புதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்போது நான் பழங்காநத்தத்தில் அவர் வீட்டில் தங்கி ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அழகர்கோவில் போகிற சாலையில் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெண்பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும் என்று சொந்தக்காரர்கள் இழுத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், மாமா வந்து என் துணிப்பையை வேனில் போட்டார், காலிப் பூக்கூடைகளுக்கு நடுவில் என்னையும் உட்கார வைத்தார், கிளம்பிவிட்டார். மதுரையில் புதுப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் மல்லிகை வாசத்தோடு போன பிள்ளை அநேகமாக நான் ஒருத்திதான் இருப்பேன்.

கார் காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் ஷெட்டில் பல வருடம் துணி போர்த்திக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவர்கள் ஓட்ட ஆளில்லாமல் விட்டுவிட்டார்கள். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. பழுத்த மிளகாய் நிறம். தரையை ஒட்டிக் கிடக்கும். மாமா அந்த வண்டிக்குள் ஏறுவதில்லை, இறங்குவார். உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஆட்டோக்காரர்களின் முழங்கால்தான் கண்ணுக்குத் தெரியும். சாவியைத் திருகினால் கேட்கும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே எங்கள் தெருப் பிள்ளைகள் பல் விளக்காமல் வாசலில் வந்து நிற்பார்கள்.

மாமா அதை வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. என் தம்பிக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் தாய்மாமன் சீர்தான் விசேஷம். மேளதாளத்தோடு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாமன் வீட்டார் ஊருக்குள் வருவதைப் பார்க்கத்தான் கூட்டமே கூடும். குதிரை வண்டியில் வந்தவர்கள் உண்டு. ஒருவர் எங்கிருந்தோ ஒட்டகம் பிடித்துக்கொண்டு வந்தார். என் மாமா இந்தச் சிவப்புக் காரில் வருவதாக இருந்தார். வண்டியில் இரண்டு சீட்டு. ஒன்றில் மாமா. இன்னொன்றில் யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ராக்கெட் மாதிரிப் போகும் காரில் ஊருக்குள் போய் இறங்கப் போகிறேன் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டேன்.

மாட்டுத்தாவணி வேன் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாக வண்டி வாங்கினாலும், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டிய கையோடு சாவியை ஸ்டாண்டில் உள்ள எல்லாரிடமும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ரவுண்டு. பூ மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தி, ராசியான வண்டி என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுப்பார்கள். சாவி கொடுக்காதவன் கஞ்சன் என்றும், ஓட்ட வராதவன் பொறாமை பிடித்தவன் என்றும் பேராகிவிடும். மாமா கஞ்சன் இல்லை. ஸ்டாண்டில் பொறாமை பிடித்தவனும் யாருமில்லை. ஆக மொத்தம் இருபத்திரண்டு டிரைவர்கள் அந்தக் காரை ஓட்டினார்கள்.

ஆயுள் முழுக்க வேன் ஓட்டிய கைகள். வேனில் கியர் போடத் தோள்பட்டையிலிருந்து பலம் வேண்டும். இந்த வண்டிக்கு இரண்டு விரல் போதும். அது அவர்களுக்குத் தெரியாமலில்லை, பழக்கம் விடவில்லை. அதிலும் சில பேர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றாம் கியரில் இடித்துத் தள்ளி, ஸ்டைலாக நிறுத்தி, ராசியான வண்டி என்றார்கள். இருபத்திரண்டாவது ஆளிடம் சாவி வாங்கி மாமா வண்டியை எடுத்தார். மார்க்கெட் வாசல்கூடத் தாண்டவில்லை. 'டடக்' என்று ஒரு சத்தம். ஒன்றாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. மறுபடி போட்டார். நாலடி நகர்ந்தது. மறுபடி டடக்.

மற்ற நாலு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. ஒன்று மட்டும் நிற்க மாட்டேன் என்றது. யாருடைய ரவுண்டில் இது நடந்தது என்று இருபத்திரண்டு பேருக்கும் நிச்சயமாகத் தெரியும். எல்லோரும் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்கள். மாமா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அப்படித்தான், அவரைப் பற்றி நான் பீற்றிக்கொள்ள நூறு விஷயம் இருக்கிறது, அதில் இது முதலாவது. அன்று வீட்டில் மறுபடியும் உப்பில்லாத குழம்பு.

காதுகுத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஸ்டாண்ட் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கியர்பாக்ஸை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டு என்றது ஒரு கட்சி. இருப்பதைப் பிரித்துப் போன பாகத்தை மட்டும் புதிதாகச் செய்து போடு என்றது மற்றக் கட்சி. எதற்கு இவ்வளவு பாடு, காலி வேனை எடுப்பது போல இரண்டாம் கியரிலேயே எடுத்து ஓட்டிவிட்டால் போகிறது என்று மூன்றாவதாக இருவர் சொன்னார்கள். டீக்கடையில் இது தவிர வேறு பேச்சில்லை. அத்தையின் கட்சி தனி. வந்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பது அது.

மாற்றச் சொன்ன கட்சி சும்மா இருக்கவில்லை. பழைய வண்டிச் சாமான் வாங்கி விற்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டார்கள். அவர் சாக்கில் சுற்றி ஒரு கியர்பாக்ஸைக் கொண்டுவந்து இறக்கினார். இதைவிட வேகமான ஒரு காரிலிருந்து கழற்றியதாம். சின்னச் சின்ன வேலைதான், இரண்டு நாளில் மாட்டி ஓட்டலாம் என்றார். பார்க்கவே பளபளவென்று இருந்தது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இன்னும் வேகமாகப் போகும் என்றால் வேண்டாமென்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

காரையும் அந்தப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மாமா மெக்கானிக் பாயிடம் போனார். பாயின் வீடு டவுனுக்குள் பள்ளிவாசலை ஒட்டி. பட்டறை எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. கியர்பாக்ஸ் மட்டும்தான் பார்ப்பார். இன்ஜினில் சத்தம் வருகிறது என்று போனால், அது வேறு டிபார்ட்மெண்ட் என்று அனுப்பிவிடுவார். ஒரு வேலையைப் பார்த்துவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கும்வரை அபிப்பிராயம் சொல்ல மாட்டார். அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. நானும் போயிருந்தேன். போகாமல் விட முடியுமா, என் சீட்டு விஷயமாயிற்றே.

காரிலிருந்து கழற்றிய பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் பாய். ஸ்டாண்ட் டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பாய் இரண்டிலும் ஒன்றாம் கியரைப் போட்டார். பழையதில் கியர் கழன்றுவிடாமல் மாமா கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்ஜின் பக்கம் சேரும் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு. சக்கரத்தின் பக்கம் போகும் தண்டில் ஒரு கோடு. இந்தப் பக்கம் எத்தனை சுற்றுச் சுற்றினால் அந்தப் பக்கம் ஒரு சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். டிரைவர்கள் எண்ணினார்கள். ஒருவர் மூன்று என்றார், ஒருவர் நாலு என்றார், இன்னொருவர் நடுவில் ஃபோன் பேசிவிட்டார்.

நான் எண்ணினேன். கணக்கில் நான் நூற்றுக்கு நூறு. அதை அங்கிருந்த எல்லோருக்கும் மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். பழைய பெட்டியில் மூன்றரைச் சுற்று. பளபள பெட்டியில் இரண்டரை. பாய் மறுபடி சுற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கை கழுவப் போனார். எல்லோரும் சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இத மாட்டுனா ஒன்னாம் கியர்ல வண்டி ஓடும் மாப்ள. பழச சரி பண்ணிப் போட்டா நடக்கும்," என்றார் பாய், துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே. "ஓடணுமா, நடக்கணுமா? அத மட்டும் சொல்லு."

ஓடணும் என்று நான் மனதுக்குள் கத்தினேன். மாமா அந்தப் பழைய பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"நடக்கணும்ணே. மனுசன் நடக்குற வேகத்துல போகணும். கிளட்ச மிதிச்சு மிதிச்சுப் போனா கருகுன வாடை வந்து பாதியில நின்னுரும். எங்க வேணாலும் நிக்கட்டும், அந்தத் தெருவுல நிக்கக் கூடாது. அங்க வச்சு என் வண்டிய நாலு பேரு தள்ளக் கூடாது."

எந்தத் தெரு என்று பாய் கேட்கவில்லை. டிரைவர்களும் கேட்கவில்லை. ஏழெட்டுப் பேரும் திடீரென்று பேச்சை நிறுத்தியது எனக்கு விநோதமாக இருந்தது. மாமா சொன்னது எங்கள் ஊர்ப் பெரிய தெருவை. சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக அந்தத் தெருதான். அதன் கடைசியில் மந்தைத் திடல், மந்தையைத் தாண்டினால் எங்கள் காலனி. அப்பா சைக்கிளில் அந்த வழியாகத்தான் வந்துபோவார். அம்மா மட்டும் எங்களைக் கூட்டிக்கொண்டு கம்மாய்க் கரை வழியாகப் போவாள். அது குறுக்கு வழி என்று சொல்வாள். சரி, கரையில் கார் போகாது, அதனால் மாமா பெரிய தெருவில் வருகிறார், இதில் ஆட்கள் வாயடைத்து நிற்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கோயம்புத்தூர்க்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. நூற்றைம்பதில் போகச் செய்த வண்டியை நடத்திக்கொண்டு போவதற்கா நான் இவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்தேன் என்று சாக்கைச் சுற்றினார். நான் அவர் பக்கம்தான் இருந்தேன். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை.

பிரித்துச் செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒன்றாம் கியரின் பற்சக்கரத்தை மாதிரி காட்டிக் கோயம்புத்தூரில் புதிதாக வெட்டி வாங்க வேண்டும். அதைப் பிடித்து நிறுத்துகிற பித்தளை வளையத்தைப் பாய் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்ய வேண்டும். வெட்டிய சக்கரம் நேரத்துக்கு வராவிட்டால் காதுகுத்து அன்று கார் பட்டறையில் எலும்புக்கூடாகக் கிடக்கும். இன்ஷா அல்லா வந்துவிடும் என்றார் பாய். வராமலும் போகலாம் என்றும் சொன்னார். மாமா சரி என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் இதையெல்லாம் அடுப்படியில் நின்று மெதுவாகச் சொன்னார்.  அத்தை பீரோவைத் திறந்து, வெளுத்த பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், கழற்றிய சாமான்களைப் பரப்பி வைக்க. அன்றைக்குக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

அந்தச் சேலையில் கியர்பாக்ஸ் பத்து நாள் கிடந்தது. ஒவ்வொரு துண்டும் எந்த வரிசையில் வெளியே வந்ததோ அந்த வரிசையில் பாய் அடுக்கியிருந்தார். பள்ளி விட்டு வரும் வழியில் நான் தினமும் எட்டிப் பார்ப்பேன். பல் கொட்டிய சக்கரம் இருந்த இடத்தில் ஒரு வெற்றிடம். காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போதும் அந்த வெற்றிடம் அப்படியே இருந்தது.

கோயம்புத்தூர் பஸ் எல்லாம் ஆரப்பாளையத்துக்குத்தான் வரும். பார்சல் எந்த பஸ்ஸில் ஏற்றப்படும் என்று சக்கரம் வெட்டிய கடைக்காரர் சொல்லவில்லை. அதனால் இருபத்திரண்டு டிரைவர்களும் முறை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் காவல் இருந்தார்கள். வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிக் கண்டக்டரைக் கேட்டார்கள். கெடுத்தவன் யார் என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் முறைக்கு ஒருவரும் வராமல் இருந்ததில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் அதில் ஒருவர் ஒரு மிட்டாய்ப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டறைக்குள் ஓடிவந்தார். பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புதுச் சக்கரம். பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை கழுவாமலே, நல்லா வெட்டியிருக்கான் என்றார்.

காதுகுத்துக்கு முதல் நாள் காலை, கார் வெள்ளோட்டம். நான் தலைவாரிப் பொட்டு வைத்து இரண்டாவது சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ரிங் ரோட்டுக்குப் போகப் போகிறோம் என்று நினைத்தேன். பாய் வண்டிக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோர்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மாமா ஒன்றாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு, இரண்டு காலையும் மிதிகளிலிருந்து எடுத்து மடக்கி வைத்துக்கொண்டார். கார் பாயின் பின்னாலேயே கன்றுக்குட்டி போலப் போயிற்று.

அவமானம் என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரிந்தது. ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. பிறகு குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஓர் அக்கா முந்தினாள். என் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டு வாசலில் நின்று, ராக்கெட் போகுது பாரு என்றாள். நான் சீட்டில் வழுக்கிக் கீழே இறங்கிக்கொண்டேன். தெரு முக்கில் பாய் நின்று, குனிந்து ஜன்னலில் கேட்டார்.

"கால் வைக்கலைல்ல?"

"வைக்கலண்ணே."

"மாஷா அல்லா," என்றார் பாய். அப்புறம் மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். மாமா என்னைச் சமாதானப்படுத்த, நாளைக்கு ஊருக்குப் போகும்போது பறக்கலாம் மருமகளே என்றார்.

சொன்ன வாக்கை மாமா காப்பாற்றினார். மறுநாள் அழகர்கோவில் சாலையில் கார் பறந்தது. வயல்களும் தென்னைகளும் கண்ணில் நிற்கவில்லை. ஐந்து கியரையும் மாமா இரண்டு விரலால் போட்டுக் காட்டினார். பின்னால் பூ வேன்களில் அத்தையும் சீர்த் தட்டுகளும் மேளக்காரர்களும் இருபத்திரண்டு டிரைவர்களும் வெகுதூரம் பின்தங்கிவிட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஊர் முகப்பில், சாலையோரம், அம்மா ஆரத்தித் தட்டோடு சீரை எதிர்கொண்டு அழைக்க நின்றுகொண்டிருந்தாள். கூட நாலைந்து பெண்கள். எல்லோரும் கரை வழியாகத்தான் வந்திருந்தார்கள் என்பது அம்மாவின் பட்டுச் சேலைக் கரையில் ஒட்டியிருந்த ஈரமண்ணில் தெரிந்தது. வேன்களும் வந்து சேர்ந்தன. மேளம் முழங்கிற்று. அம்மா ஆரத்தி எடுத்து முடித்ததும் மாமா வண்டியிலிருந்து எழுந்து, சுற்றிவந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கு தாயி," என்றார் என்னிடம். பிறகு அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கி அத்தையிடம் கொடுத்துவிட்டு, "ஏறுக்கா," என்றார்.

அம்மா பின்வாங்கினாள். "சீரு வாங்குறவ எங்கிட்டாவது சீரோட வருவாளாடா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீ நடக்க வேணாம், ஏறு."

 அத்தை அம்மாவின் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினாள். அம்மா குனிந்து, தலையில் பூ இடிபடாமல், அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தாள். என் சீட்டில். என் கையில் யாரோ வாழைப்பழத் தட்டைத் திணித்தார்கள்.

மாமா ஒன்றாம் கியரைப் போட்டார். பெரிய தெருவுக்குள் கார் நடக்க ஆரம்பித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் அம்மாவின் ஜன்னலை விட்டு நகரக் கூடாது என்று தீர்மானித்து, கதவோரமாகவே நடந்தேன். கோபத்தை அடக்க என் வழக்கப்படி எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் நடைக்கும் காரின் நடைக்கும் ஒரு விரல்கூட வித்தியாசமில்லை. மாமாவின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. மேளச் சத்தத்துக்குக் கீழே இன்ஜின் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.  ஒரு வீட்டு வாசலில் பாதித் தெருவை அடைத்துக் கட்டில் கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் காரைப் பார்த்தார், அதற்குள் இருந்த அம்மாவைப் பார்த்தார். கார் நிற்கவில்லை, வேகம் கூட்டவுமில்லை, அப்படியே வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து கட்டிலை இழுத்து ஓரமாகப் போட்டார். அம்மா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் அம்மா அவ்வளவு அழகு என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கோபத்திலும் அது தெரிந்தது.

டடக் என்று சத்தம் வருமோ என்று பின்னால் இருபத்திரண்டு டிரைவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்கள். வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாவது அடியில் மந்தையைத் தாண்டினோம். எங்கள் வீட்டு வாசலில் மாமா சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினார். கியரை எடுக்கவில்லை. அது ஒன்றாம் கியரிலேயே இருந்தது. டிரைவர்கள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு ஆடத் தொடங்கினார்கள். அம்மா கார்க் கதவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலம், காது குத்தி அழுது ஓய்ந்த தம்பி மாமாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு வேகமான வண்டியை ஏன் அப்படி உருட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். குறுக்கு வழியில் கார் போகாதே தாயி என்றார் மாமா. அவரும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு சிரித்தார்கள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த வருடமே மாமா காரை விற்றுவிட்டார். வாங்கியவரிடம் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றாம் கியரை இரண்டு விரலால் போடச் சொன்னாராம்.

கல்லூரி விடுமுறைக்கு வந்த ஒரு நாள், பஸ்ஸை விட்டு இறங்கிக் காலின் பழக்கத்தில் கம்மாய்க் கரைமேல் நடந்தேன். பையின் கனம் தெரியாமலிருக்க அடிகளை எண்ணினேன். வீட்டு வாசலுக்கு வந்தபோது ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள் படியேறாமல் நின்றுவிட்டேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இது எப்படிக் குறுக்கு வழி என்று கேட்டேன். அவள் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண் வந்த காரைப் பெரிய தெருக்காரர்கள் உள்ளே விடவில்லை. சாலையிலேயே இறக்கிவிட்டார்கள். மாலையும் கழுத்துமாகக் கரையில் சேற்றில் நடந்து வந்தாள். பின்னால் சீர்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பத்தொன்பது வயது மாமா. ரோடு நல்லாத்தானே இருக்கு என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பேசாம வா, இது குறுக்கு வழி என்று யாரோ அதட்டியிருக்கிறார்கள். பிறகு காலம் மாறியது. எங்கள் ஆட்களும் அந்தத் தெருவில் போகவர ஆரம்பித்தார்கள், அப்பாகூடப் போனார். அம்மா போகவில்லை. கல்யாணத்தன்னைக்கு விடாத தெருவுல நான் காலு வச்சு நடக்க மாட்டேன் என்று தம்பியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

வாழைப்பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவோரம் நடந்தபோது எனக்குப் பதினோரு வயது. ஊரே நடக்கிறது, அம்மா ஒருத்தி மட்டும் சொகுசாக உட்கார்ந்து வருகிறாள் என்று பொருமிக்கொண்டே நானூற்றுப் பன்னிரண்டு அடியையும் எண்ணினேன். பன்னிரண்டு வருடமாக அந்த ஊரில் வாழ்கிற என் அம்மா அந்தத் தெருவுக்குள் அன்றுதான் முதன்முதலாக வருகிறாள் என்பது எனக்குத் தெரியாது.